உங்கள் எம்எல்ஏ பதவிக்கு வந்த பிறகு பணக்காரர் ஆனாரா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் வேட்புமனு தாக்கல் முடிந்த கையோடு "ஐந்தே வருடத்தில் சொத்து இரண்டு மடங்கு" என்று ஒரு செய்தி வந்துவிடும். அன்று சாயங்காலமே டீக்கடையில் இரண்டு அணி. ஒருவர் "எல்லாருமே திருடனுங்கதான்" என்பார். இன்னொருவர் "நிலம் விலை ஏறிடுச்சுப்பா, உன் நிலம் ஏறலையா" என்பார். வேட்புமனுவோடு வேட்பாளர் தன் சொத்தையெல்லாம் எழ்திக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை இரண்டு பேருமே திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அது யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கக்கூடிய ஆவணம், ஒரு காசு செலவில்லை.

2021 தேர்தல் சமயத்தில் எங்கள் தொகுதி எம்எல்ஏவின் பத்திரத்தை, 2016-ல் அவர் கொடுத்ததோடு பக்கத்தில் வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். பாதிக் கோபம் முதல் ராத்திரியே போய்விட்டது, ஏனென்றால் ஏறியதில் பெரும் பங்கு பழைய நகையும் பழைய நிலமும்தான். மீதிப் பாதி இரண்டாம் ராத்திரி உறுதியாகிவிட்டது. அந்த இரண்டு ராத்திரியில் கற்றுக்கொண்டதையும் அதற்கப்புறம் படித்ததையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

காமராஜரையும் கக்கனையும் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இன்றைக்குப் பதவியில் இருக்கும் ஒருவரை அளக்க வேண்டுமென்றால் கணக்குதான் வேண்டும்.

முதலில், இந்தக் காகிதம் நம் கைக்கு வந்த கதை

2002-க்கு முன்னால் வேட்பாளரின் சொத்து விவரம் வாக்காளருக்குத் தெரியாது. ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம், அதாவது ஏடிஆர், 1999-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2002 மே 2-ம் தேதி, வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்குகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று தீர்ப்பானது. உடனே நாடாளுமன்றம் அதை மழுங்கடிக்கிற மாதிரி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அப்படிப் போராடிக் கிடைத்ததுதான் இன்று நாம் பார்க்கும் படிவம் 26, அதாவது இந்தப் பிரமாணப் பத்திரம்.

2013-ல் இன்னொரு தீர்ப்பு, எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, இல்லையென்றால் "இல்லை" என்றாவது எழுத வேண்டும் என்று. 2018-ல் லோக் பிரஹரி என்ற அமைப்பு போட்ட வழக்கில், வேட்பாளர் மட்டுமல்ல, கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்பவர்கள் ஆகியோரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்றார்கள். 2019-ல் படிவம் மறுபடி மாறியது, கடைசி 5 வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையும் வெளிநாட்டுச் சொத்தும் சேர்ந்தன. இந்த 2019 மாற்றம் நமக்கு ரொம்ப முக்கியம். 2021-ல் நின்றவரின் பத்திரத்தில் இருக்கும் 5 வருட வருமானம், ஏறக்குறைய அவர் 2016-ல் ஜெயித்துப் பதவியில் இருந்த காலத்தின் வருமானம்.

படி 1: இரண்டு பத்திரத்தையும் இறக்குங்கள்

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மாநிலம், தேர்தல், தொகுதி தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள் வரும். பழைய தேர்தலுக்கு ஏடிஆர் நடத்தும் மைநேதா தளம் வசதி, அங்கே எண்களைத் தட்டச்சு செய்தே வைத்திருப்பார்கள். ஆனால் ஒன்று, தட்டச்சு செய்த அட்டவணையை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள், மூலப் பக்கத்தைத் திறந்து சரிபாருங்கள். நோட்டரி முத்திரை சரியாக எண்ணின் மேல் விழுந்திருக்கும், 3-ஆ 8-ஆ என்று தெரியாது, கையெழுத்தில் எழுதியிருந்தால் லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவில் ஒரு கமா இடம் மாறியிருக்கும். இப்படி ஓரிடத்தில் நான் ஒரு சைபர் கூடுதலாகப் படித்துவிட்டு அரை மணி நேரம் தேவையில்லாமல் கொதித்தேன்.

படி 2: யாருடைய சொத்து உள்ளே இருக்கிறது என்று பாருங்கள்

கட்டங்கள் வரிசையாக இருக்கும். வேட்பாளர், கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்பவர்கள். சார்ந்திருப்பவர் என்றால் தனக்கென்று தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி இருப்பவர். ஆக, 30 வயதில் சொந்தத் தொழில் நடத்தும் மகன் இதில் வர மாட்டார். கல்யாணமாகிப் போன மகள், மைத்துனர், சம்பந்தி யாரும் வர மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். 2016-ல் படித்துக்கொண்டிருந்த மகன் பெயரில் 20 லட்சம் காட்டியிருப்பார், 2021-ல் அந்த மகனுக்கு வேலை கிடைத்திருந்தால் அந்தக் கட்டமே காணாமல் போயிருக்கும். மொத்தம் குறைந்த மாதிரி தெரியும், சொத்து எங்கேயும் போயிருக்காது. அதனால் இரண்டு வருடத்திலும் ஒரே ஆட்களை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

படி 3: மொத்தத்தை மறந்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள்

வேலையில் முக்கால்வாசி இங்கேதான், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். புரிவதற்காக ஒரு கற்பனை எம்எல்ஏவை எடுத்துக்கொள்வோம், எண்கள் எல்லாம் நான் போட்டவை.

2016-ல் அவரும் மனைவியும் சேர்த்துக் காட்டியது: நகை 800 கிராம், 22.5 லட்சம். பூர்வீக விவசாய நிலம் 5 ஏக்கர், 50 லட்சம். வீடு 60 லட்சம். ரொக்கமும் வங்கியிலும் 15 லட்சம். கார் 8 லட்சம். மொத்தம் 155.5 லட்சம், கடன் 10 லட்சம்.

2021-ல்: அதே 800 கிராம், 34 லட்சம். அதே நிலம், 1 கோடி. அதே வீடு, 80 லட்சம். ரொக்கமும் வங்கியும் 45 லட்சம். புதுக் கார் 22 லட்சம். 2019-ல் 40 லட்சத்துக்கு வாங்கிய ஒரு மனை, இப்போதைய மதிப்பு 55 லட்சம். மொத்தம் 336 லட்சம், கடன் 25 லட்சம்.

செய்தியில் "116 சதவீதம் உயர்வு" என்று வரும். சரி, பிரிப்போம்.

800 கிராம் என்பது 100 பவுன். 2016 மே மாதம் பவுன் சுமார் 22,500 ரூபாய், 2021 ஏப்ரலில் சுமார் 34,000. ஒரு குண்டுமணி கூட வாங்காமல் 11.5 லட்சம் ஏறிவிட்டது. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் நகைக்கும் இதேதான் நடந்தது. நிலத்தில் 50 லட்சம், வீட்டில் 20 லட்சம், புது மனை வாங்கிய பிறகு ஏறியது 15 லட்சம். ஆக 96.5 லட்சம் விலையேற்றம். இதில் அவர் பதவிக்கு நேரடிப் பங்கு இல்லை.

மீதி: வங்கியில் கூடியது 30, காரில் 14, மனைக்குக் கொடுத்தது 40. மொத்தம் 84 லட்சம். புதிதாக வாங்கிய கடன் 15 லட்சத்தைக் கழித்தால் 69 லட்சம். இதுதான் அவர் இந்த ஐந்து வருடத்தில் புதிதாகச் சேர்த்த பணம். 180 லட்சம் உயர்ந்தது என்ற செய்தி, நாம் கேள்வி கேட்க வேண்டிய 69 லட்சமாகச் சுருங்கிவிட்டது.

நிலத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். "தற்போதைய சந்தை மதிப்பு" என்று படிவம் கேட்டாலும், வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் நிர்ணயிக்கும் மதிப்பை ஒட்டி எழுதினாரா, சந்தையில் விற்கும் விலையை எழுதினாரா என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-ல்தான் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் 2016-ஐயும் 2021-ஐயும் ஒப்பிடும்போது ஒருவருடைய நிலத்தின் மதிப்பு குறைந்திருந்தால் அதை வைத்து அவர் நேர்மையானவர் என்று முடிவு கட்ட வேண்டாம், அரசாங்கக் கணக்கு குறைந்திருக்கலாம். அப்படியே 2021-ல் இருந்ததைவிட 2024 மக்களவைத் தேர்தலில் நின்றபோது ஏறியிருந்தாலும் அதேதான்.

மதிப்பை நம்பாமல் வேறு நான்கு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிவத்திலேயே இருக்கும்: சர்வே எண், பரப்பளவு, பூர்வீகமா சுயமாக வாங்கியதா, வாங்கிய தேதியும் விலையும். இந்தத் தேதி பதவிக் காலத்துக்குள் விழுகிறதா என்று மட்டும் ஒரு பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். எனக்கு இரண்டாம் ராத்திரி உறுதியானது இப்படி வட்டம் போட்டபோதுதான்.

சர்வே எண் கையில் இருந்தால் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. யார் யாருக்கு எந்தத் தேதியில் என்ன விலைக்குக் கிரயம் செய்தார் என்று வரும். பிரமாணப் பத்திரத்தில் 40 லட்சத்துக்கு வாங்கியதாகச் சொல்லி, வில்லங்கத்தில் 15 லட்சம் இருந்தாலோ, அடுத்தடுத்த சர்வே எண்கள் அதே மாதத்தில் அவருக்கு நெருக்கமான ஒருவர் பெயருக்குப் போயிருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வருமானத்தோடு பொருத்துங்கள்

தமிழ்நாட்டு எம்எல்ஏவுக்கு 2017-ல் இருந்து சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய், அதற்கு முன் 55,000. தொகுதி மேம்பாட்டு நிதி கோடிக்கணக்கில் வந்தாலும் அது அவர் கைக்கு வருவதில்லை, மாவட்ட நிர்வாகம் வழியாக வேலைகளுக்குப் போவது, அதைச் சம்பளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் கற்பனை எம்எல்ஏவும் மனைவியும் 5 வருடத்தில் வருமான வரிக் கணக்கில் காட்டியது 90 லட்சம் என்று வையுங்கள். வரி 10 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 60,000 என்று மிதமாக வைத்தாலே 36 லட்சம். இன்னொன்றைப் பெரும்பாலும் எல்லாருமே விட்டுவிடுகிறார்கள், நானும் முதலில் விட்டேன். 2016 பத்திரம் வேட்புமனுவோடு கொடுத்தது, அதாவது பிரச்சாரச் செலவுக்கு முன்னால். அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு உச்சவரம்பு 28 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும், அதில் கைக்காசு எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு என்று இருக்கும். கைக்காசு 8 லட்சம் என்று வைப்போம்.

இப்போது வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்குகளில் நீதிமன்றம் போடும் அதே கணக்கு. சேர்த்த சொத்து 69, செலவு 54, இரண்டும் சேர்த்து 123 லட்சம். வருமானம் 90. மிச்சம் விளக்கம் இல்லாத பணம் 33 லட்சம், வருமானத்தில் ஏறக்குறைய 37 சதவீதம். 1977-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 10 சதவீதத்துக்குள் இருந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த 10-தான் இன்றும் அளவுகோலாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் கூட்டல் கழித்தல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை கணக்கு எடுக்கப்பட்ட காலம். மாதம் 1 ரூபாய் சம்பளம் போதும் என்று அவர் அறிவித்த அதே ஆட்சிக் காலம். குற்றச்சாட்டு சுமார் 66 கோடி. 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 53.6 கோடிக்குக் கணக்கில்லை என்று தண்டித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரையும் உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் கணக்கு இது: சொத்து 37.59 கோடி, வருமானம் 34.77 கோடி, வித்தியாசம் 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம், 10-க்குள் அடங்கிவிட்டது.

அந்த வருமானத்துக்குள் வங்கிக் கடன்கள் என்று 10 இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. கீழே போட்டிருந்த கூட்டுத்தொகை 24.17 கோடி. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வருகிறது. 13.5 கோடி வித்தியாசம். திருத்திப் போட்டால் வருமானம் 21.27 கோடியாகிறது, கணக்கில்லாத பணம் 16.32 கோடியாகிறது, 8 சதவீதம் 76-ஐத் தாண்டுகிறது. தீர்ப்பு வந்த கொஞ்ச நேரத்திலேயே அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டினார். வளர்ப்பு மகன் கல்யாணச் செலவைச் சிறப்பு நீதிமன்றம் 3 கோடி என்றது, உயர் நீதிமன்றம் 28.68 லட்சம் என்றது. ஹைதராபாத் திராட்சைத் தோட்டத்தில் எவ்வளவு வருமானம் வந்திருக்கும் என்பதே தனி வாக்குவாதம். கடைசியில் 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து மற்ற மூவரையும் சிறைக்கு அனுப்பியது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அத்தோடு முடிந்தது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் போடும் கணக்கிலும் மூன்று இடத்தில்தான் எல்லாமே மாறும்: செலவை எவ்வளவு என்று வைக்கிறீர்கள், கடனை எப்படிச் சேர்க்கிறீர்கள், விவசாய வருமானத்தை எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் அது ரொம்ப வசதியான விளக்கம். 5 ஏக்கரில் வருடத்துக்கு 20 லட்சம் என்றால் என்ன பயிர் என்று கேளுங்கள், உங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம் காட்டினால் அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

படி 5: தோற்றவரையும் எடுத்துப் பாருங்கள்

ஜெயித்தவருடைய சொத்து ஏறியது என்பது தனியாக எதையும் நிரூபிக்காது. அரசியலுக்கு வருகிறவர்களே பெரும்பாலும் நிலம், தொழில் உள்ளவர்கள், பதவி இல்லாவிட்டாலும் அவர்கள் சொத்து ஏறியிருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, அதே தொகுதியில் அதே தேர்தலில் கொஞ்ச ஓட்டில் தோற்றவருடைய சொத்து எவ்வளவு ஏறியது என்பதுதான். 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசம், 2021-ல் தி.நகரில் 137. இப்படிப்பட்ட இடங்களில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையில் செல்வாக்கிலோ வசதியிலோ பெரிய வித்தியாசம் இருக்க வாய்ப்பு குறைவு, வித்தியாசம் பதவி ஒன்றுதான்.

ரேமண்ட் ஃபிஸ்மன், ஃப்ளோரியன் ஷூல்ஸ், விக்ராந்த் விக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தியச் சட்டமன்றத் தேர்தல்களை வைத்து, நாம் பார்க்கும் இதே பிரமாணப் பத்திரங்களைக் கொண்டு, இதைத்தான் செய்தார்கள். 2014-ல் வெளியானது. ஜெயித்தவர்களின் சொத்து, இரண்டாமிடம் வந்தவர்களுடையதைவிட வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வேகமாக வளர்ந்திருக்கிறது. அமைச்சர் ஆனவர்களுக்கு இன்னும் அதிகம். 3 முதல் 5 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் இது அவர்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சொத்தில் வந்த வித்தியாசம், பினாமி பெயரில் இருப்பது இதில் இல்லை.

பிரிட்டனில் ஆண்ட்ரூ எகர்ஸும் யென்ஸ் ஹைன்முல்லரும் வேறு மாதிரி பார்த்தார்கள், அங்கே இறந்தவர்களின் சொத்து மதிப்பு பொதுப் பதிவில் இருக்கும். கன்சர்வேட்டிவ் கட்சியில் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தவர்கள், கொஞ்ச ஓட்டில் தோற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சொத்தோடு இறந்திருக்கிறார்கள். லேபர் கட்சியில் அந்த வித்தியாசமே இல்லை. கன்சர்வேட்டிவ்காரர்களுக்குப் பணம் வந்த முக்கிய வழி, கம்பெனிகளில் இயக்குநர் பதவி. சட்டப்படி சரியான பணம்தான். பதவி ஒருவரைப் பணக்காரர் ஆக்க லஞ்சம்தான் வேண்டும் என்றில்லை என்பதை அதைப் படித்தபோதுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

உங்கள் தொகுதிக்கு இதைச் செய்ய ஒரு தடை உண்டு. தோற்றவர் மறுபடி நின்றால்தான் அவருடைய இரண்டாவது பத்திரம் கிடைக்கும். நிற்கவில்லை என்றால் பக்கத்துத் தொகுதியில் அதே மாதிரி வசதி உள்ள, தோற்று மறுபடி நின்ற ஒருவரை எடுங்கள்.

படி 6: காகிதத்தில் வராத இடங்கள்

கல்லூரி நடத்தும் அறக்கட்டளையின் சொத்து அவர் சொத்துப் பட்டியலில் வராது, அவர் நிறுவனராகவே இருந்தாலும். தனியார் கம்பெனிப் பங்குகளை முகமதிப்பில் காட்டியிருப்பார்கள், 10 ரூபாய்ப் பங்கு 1 லட்சம் என்றால் 10 லட்சம் என்று ஒரு வரி, அந்தக் கம்பெனி பெயரில் பல கோடிக்கு நிலம் இருந்தாலும் 10 லட்சம்தான். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர்கள் யார் என்று இலவசமாகவே பார்க்கலாம், 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த வரவு செலவு அறிக்கையையும் பார்க்கலாம். தொகுதியில் டெண்டர் எடுத்த கம்பெனி எப்போது தொடங்கப்பட்டது, யார் இயக்குநர் என்று பார்ப்பது பெரும்பாலும் சொத்துப் பட்டியலைவிட அதிகம் சொல்லும். வருமான வரித் தாக்கலின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போட்டுக் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள், 2012-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது.

படி 7: இடைவெளி வந்தால் என்ன செய்வது

33 லட்சத்துக்கு விளக்கம் இல்லை என்பதால் அவர் 33 லட்சம் லஞ்சம் வாங்கினார் என்று ஆகாது. மாமனார் கொடுத்த சீராக இருக்கலாம், பழைய கடன் வசூலாகியிருக்கலாம். முதலில் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பத்திரத்தில் பொய் அல்லது மறைப்பு என்று தெளிவாகத் தெரிந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தேர்தலையே எதிர்க்க வேண்டுமென்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கதை முடிந்தது. சொத்துக் குவிப்பு என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. எங்கே போனாலும் "மக்கள் பேசிக்கொள்கிறார்கள்" என்று எழுதாமல் சர்வே எண், தேதி, தொகை, எந்த வருடப் பத்திரத்தில் எந்தப் பக்கம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன், ரசீது தந்ததோடு சரி, யாரும் படிக்கவில்லை. அடுத்த முறை ஒரு தாள் கொடுத்தேன், கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார்கள்.

வெளியில் பகிரும்போது அவர் குழந்தைகளின் பெயர், வீட்டு விலாசம், பான் எண் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நாம் கேட்பது அவருடைய கணக்கை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அல்ல.

1996-ல் முடிந்த ஒரு ஆட்சிக் காலத்தின் கணக்குக்கு 2017-ல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது என்பதையும் மனதில் வையுங்கள், அதற்குள் சாட்சிகள் மாறினார்கள், முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே இறந்துபோனார். அதனால் பத்திரங்களை வேட்புமனு பரிசீலனை நடக்கும் அன்றே இறக்கி, தொகுதி பெயரும் வருடமும் போட்டுத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. இறக்கும்போது உங்கள் ஆள், எதிர் ஆள் என்று பார்க்காமல் ஜெயிக்க வாய்ப்புள்ள நான்கைந்து பேருடையதையும் சேர்த்து இறக்குங்கள், ஐந்து வருடம் கழித்து தோற்றவருடைய பத்திரத்தைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள்.